அழுங்கு சுருண்டுகொண்ட நாள்

மணலோடைக் காட்டில் ரெட்டைவால் என்று ஒரு கரிச்சான் குருவி இருந்தது. கன்னங்கரேல் என்று இருக்கும். வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். காட்டில் யார் வாயைத் திறந்தாலும், அதே குரலில் அப்படியே திருப்பிப் பேசும்.

மயில் அகவினால் ரெட்டைவாலும் அகவும். மயில் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் ஜோடியைத் தேடிக்கொண்டிருக்கும். காட்டுப்பன்றி தொந்தியப்பன் குறட்டை விட்டால், அதன் காதோரம் போய் உட்கார்ந்து அதே குறட்டையை விடும். பன்றி திடுக்கிட்டு எழுந்து, "யார்றா அது? என் குறட்டையை எடுத்துட்டுப் போறது!" என்று புதரோடு சண்டைக்குப் போகும்.

இந்த ரெட்டைவாலிடம்தான் காட்டை எழுப்பும் வேலை இருந்தது. வாரத்தில் ஆறு நாள் விடியற்காலையில் கூப்பிடும். ஒரு நாள் காட்டுக்கோழிக் குரல். ஒரு நாள் குரங்குக் குரல். ஒரு நாள் யானைக் குரல். அன்றைக்குப் பாதிப் பேர் எழுந்திருக்க மாட்டார்கள், ஓடிப்போய் ஒளிந்துகொள்வார்கள்.

ஏழாம் நாள் மட்டும் ரெட்டைவால் கூப்பிடாது. வாயை மூடிக்கொண்டு மருதமரத்தில் உட்கார்ந்திருக்கும். விடிந்த பிறகும் சத்தம் வரவில்லையா? எல்லாருக்கும் புரிந்துவிடும். இன்றைக்குச் சும்மா நாள்!

சும்மா நாளில் யாரும் வளை தோண்டுவதில்லை. கூடு கட்டுவதில்லை. இரையைச் சேர்த்து வைப்பதில்லை. எல்லா மிருகங்களும் ஓடைக்கரைக்கு வந்து உட்காரும். ஆறு நாளும் ஓட்டமாய் ஓடுகிற முயல் காதம்மா அன்றைக்குத்தான் தன் குட்டிகளை ஒழுங்காக எண்ணிப் பார்க்கும்.

"அட, அஞ்சா? நான் நாலுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

சும்மா நாள் என்றால் எல்லாருக்கும் உயிர். ரெட்டைவாலுக்கு மட்டும் பிடிக்காது. அலகை மூடிக்கொண்டு ஒரு முழு நாளா! மற்றவர் குரல் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு என்னவோ போல இருக்கும். காலி வீட்டுக்குள் நிற்கிற மாதிரி.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஓடை வற்றி வெறும் மணலாகக் கிடந்தது. ஒரே ஒரு பாறைக்குழியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். அதுவும் பாசி பிடித்துப் பச்சைப் பசேல் என்று இருந்தது. வெயில் ஏற ஏற அந்தத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது.

அப்போது கீரி ஒன்று முன்னால் வந்தது. நின்ற இடத்தில் நிற்காது. பேசும்போதே வால் ஒரு பக்கம் ஓடும், மூக்கு ஒரு பக்கம் ஓடும். எதற்கெடுத்தாலும் "வெரசா! வெரசா!" என்று விரட்டும். அதனால் எல்லாரும் அதை வெரசு என்றே கூப்பிட்டார்கள்.

"ஓடை மணலுக்கு அடியில ஊத்து இருக்கு!" என்றது வெரசு. "தோண்டுனா தண்ணி! உட்கார்ந்திருந்தா கருவாடு! எது வேணும்?"

"தண்ணி!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

"அப்புறம் என்ன வேடிக்கை? வெரசா!"

ஓடையின் நடுவில் தோண்ட ஆரம்பித்தார்கள். பன்றி மூக்கால் கிளறியது. முயல் பின்னங்காலால் மணலை வீசியது. ஆனால் உள்ளே இறங்கித் தோண்டியதில் அழுங்கு செதிலிக்கு ஈடு யாரும் இல்லை.

அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். வாயில் ஒரு பல் கிடையாது. முன்னங்காலில் மண்வெட்டி மாதிரி நகம். ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். சுருண்டுவிட்டால் புலி வந்தாலும் பிரிக்க முடியாது. செதிலிக்கு ஒரு குட்டி இருந்தது. பெயர் மொச்சை. அம்மாவின் வால்மேல் குப்புறப் படுத்துக்கொண்டேதான் ஊரெல்லாம் சுற்றும்.

ஆறு நாள் தோண்டினார்கள். ஆறாம் நாள் சாயங்காலம், குழியின் அடியிலிருந்து செதிலியின் குரல் கேட்டது.

"ஈரம்!"

எல்லாரும் குதித்தார்கள். பன்றி குதித்ததில் கரை மணல் கொஞ்சம் சரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. வெரசு ஒரு பட்ட மரக்கட்டைமேல் ஏறி நின்றது.

"எல்லாரும் கேளுங்க! நாளைக்குச் சும்மா நாள் கிடையாது!"

தொந்தியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தது.

"தலைவரே… நாளைக்குத் தூங்கலாம்னு ஆறு நாளா ஆசையா இருந்தேனே…"

"தூக்கமா? ஈரம் தெரிஞ்சிருச்சுண்ணே! இன்னும் நாலு பிடி மண்ணு! இப்பப் போய்க் கையைக் கட்டிக்கிட்டு உட்காரலாமா?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கே தம்பி," என்றது காதம்மா.

"வழக்கத்தைக் குடிக்க முடியுமா காதம்மா? உன் குட்டிங்க அஞ்சும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது!"

காதம்மாவின் காதுகள் இரண்டும் கீழே விழுந்தன.

"நான் வரல," என்று ஒரு குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செதிலி குழியிலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. செதில் இடுக்கெல்லாம் மணல்.

"என்னக்கா சொல்றே?" என்றது வெரசு.

"நாளைக்குத் தோண்ட மாட்டேன்னு சொல்றேன். நாளன்னைக்கு உனக்கு முன்னாடி வந்து நிப்பேன். நாளைக்கு இல்ல."

"அக்கா, நீ இல்லாம எப்படி? ஒரே ஒரு நாள்! பல்லைக் கடிச்சுக்கிட்டு…"

"எனக்குத்தான் பல்லே இல்லையே!"

பன்றி கெக்கெக்கே என்று சிரித்தது. வெரசுக்குக் கோபம் வந்துவிட்டது. அதன் முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, கீரி ஒன்றுக்கு ஒன்றரையாகத் தெரிந்தது.

"சரி! அப்ப எல்லாருக்கும் ஒரே விதி! நாளைக்குத் தோண்டாதவங்களுக்குத் தண்ணி கிடையாது! புது ஊத்துலயும் கிடையாது, பாறைக்குழியிலயும் கிடையாது! பெரியவங்களுக்கும் அதான், குட்டிகளுக்கும் அதான்!"

எல்லார் கண்ணும் செதிலியின் வாலுக்குப் போனது. மொச்சை அங்கே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அதன் உதடு உலர்ந்து வெடித்திருந்தது.

செதிலி அந்த உதட்டை நாக்கால் ஒரு முறை தடவியது. பிறகு வாலைக் கொஞ்சம் தூக்கிக் குட்டியை முதுகோடு அணைத்துக்கொண்டது.

"என்கிட்ட இன்னும் ஒரு நாளைக்குப் பால் இருக்கு," என்றது. "நான் வரல."

சொல்லிவிட்டு நடந்து போய்விட்டது.

வெரசு நேராக மருதமரத்துக்கு ஓடியது.

"ரெட்டைவால்! தம்பி! உன் வாய் இல்லாம இந்தக் காடு ஓடுமா? நாளைக்கும் நீ கூப்பிடணும். ஏழாம் நாள்னு வாயை மூடிக்கிட்டு உட்காரக் கூடாது!"

ரெட்டைவாலுக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்கும் பேசலாமா? நிஜமாவா? யார் குரல்ல?"

"என் குரல்லயே கூப்பிடு!"

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, மருதமர உச்சியிலிருந்து ஒரு கீரிக் குரல் காட்டையே கிழித்தது. "வெரசா! வெரசா! தூங்குனா கருவாடு! எழுந்திரு, வெரசா!"

கீரியின் குரலைக் கேட்டு, தூங்கிக்கொண்டிருந்த கீரியே அலறி எழுந்தது.

மிருகங்கள் முனகிக்கொண்டே குழிக்கு வந்தன. முதுகு வலி. கால் வலி. கண் திறக்கவில்லை. போன வாரம் வரை சும்மா நாளில் இந்த நேரத்தில் எல்லாரும் கரையில் கால் நீட்டிக் கிடப்பார்கள். இன்றைக்கு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

செதிலியும் கரைக்கு வந்தது. மருதமரத்தின் கீழே, வழக்கமாக எல்லாரும் உட்காருகிற இடத்துக்கு நடந்து போனது. மொச்சையை வயிற்றோடு சேர்த்து அணைத்தது. தலையை உள்ளே இழுத்தது. வாலைச் சுற்றி மூடியது. பந்தாகிவிட்டது.

வெரசு அந்தப் பந்தைச் சுற்றி மூன்று முறை ஓடியது.

"செதிலியக்கா! கடைசியாக் கேட்கிறேன்! அரை நாள் மட்டும்?"

பந்து அசையவில்லை.

"உனக்கு ரெண்டு பங்கு தண்ணி தர்றேன்! முதல் வாய் உன் குட்டிக்குத்தான்!"

பந்து அசையவில்லை.

வெரசு மூக்கைச் சொறிந்துகொண்டு யோசித்தது. புதுசாக ஒரு வழி தோன்றியது. குரலைத் தேனாக்கிக்கொண்டது.

"அக்கா, நீ சொல்றதும் சரிதான். ஓய்வு வேணும். உடம்பு அசந்தா வேலை கெட்டுப்போகும். அதனால நீ மத்தியானம் கொஞ்சம் தூங்கிக்கோ. தெம்பா எழுந்து வந்து, டபுளா தோண்டு! ஓய்வும் ஆச்சு, வேலையும் ஆச்சு! எப்படி?"

பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. பானைக்குள் பேசுகிற மாதிரி இருந்தது.

"நான் தெம்புக்காகச் சுருளல, தம்பி."

"அப்புறம் எதுக்கு?"

"இந்தக் காட்டைப் படைச்சவன் ஆறு நாள் வேலை செஞ்சான். ஏழாம் நாள் கையை எடுத்துட்டான். உட்கார்ந்து பார்த்தான். நல்லாருக்குன்னு சந்தோஷப்பட்டான். அவன் கையை எடுத்தப்ப மலை விழுந்துச்சா? மரம் சாஞ்சுச்சா?"

"அது… இல்லதான்…"

"அவனே ஒரு நாள் நிறுத்துனான். நான் நிறுத்துனா எல்லாம் கெட்டுப்போகும்னு சொன்னா, அவனைவிட நான் பெரிய ஆளா? ஆறு நாள் தோண்டுறப்ப, என் நகத்தாலதான் உலகமே நடக்குதுன்னு ஒரு நெனப்பு வந்துருது. ஏழாம் நாள் அந்த நெனப்பைக் கீழ வெச்சுட்டு, 'நீ இருக்கே, அது போதும்'னு அவன்கிட்ட சொல்லணும். அதுக்குத்தான் சுருளுறேன். போ தம்பி."

வெரசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை.

"தொந்தியண்ணே! வா! இவளை உருட்டிக் குழிக்குள்ள தள்ளு! உள்ள போனா தானா தோண்டுவா!"

தொந்தியப்பன் வந்தது. மூக்கை வைத்துத் தள்ளியது. பந்து உருண்டது. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் தள்ளினால் மரத்தில் மோதிப் பழைய இடத்துக்கே வந்தது. செதில் குத்திப் பன்றியின் மூக்கு சிவந்துவிட்டது. கடைசியில் தொந்தியப்பன் பந்தின்மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"என்னண்ணே, தள்ளுறியா?"

"கொர்ர்ர்ர்…"

"அண்ணே!"

"ஆங்! தள்ளிக்கிட்டேதான் இருக்கேன் தலைவரே!"

அதைத் துரத்திவிட்டு, வெரசு மேலே பார்த்தது.

"ரெட்டைவால்! உன் வித்தையைக் காட்டு! இவளைப் பிரிச்சிரு!"

ரெட்டைவால் இதற்குத்தான் காத்திருந்தது! சிறகைத் தட்டிக்கொண்டு தாழ்ந்த கிளைக்கு இறங்கியது. தொண்டையைச் செருமியது. அடுத்த நொடி யானை பிளிறியது. குழியில் இருந்த முயல்கள் நாலு பக்கமும் சிதறின.

பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "யானை வந்தா தரை அதிரும், ரெட்டைவால். கிளை அதிராது."

ரெட்டைவால் விடவில்லை. மயிலாகி மழை வருது என்றது. குரங்காகித் தீ தீ என்றது. காதம்மாவாகி "ஐயோ என் குட்டி!" என்றது. உண்மைக் காதம்மா குட்டிகளை எண்ண ஓடிவிட்டது. பந்து மட்டும் அசையவே இல்லை.

அப்போது வெரசு மரத்தில் ஏறி, ரெட்டைவாலின் காதில் ஏதோ சொன்னது. ரெட்டைவால் ஒரு நொடி தயங்கியது. பிறகு அலகைத் திறந்தது.

"அம்மா…" என்று மெலிந்த குரல் ஒன்று கேட்டது. அச்சு அசலாக மொச்சையின் குரல். "அம்மா… தாகமா இருக்கு… பாறைக்குழியில வழுக்கி விழுந்துட்டேன்… தூக்கும்மா…"

குழியில் வேலை நின்றது. காதம்மா மண்ணைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தது. தொந்தியப்பன்கூட முழுதாகக் கண் திறந்தது.

பந்து லேசாக நடுங்கியது. செதில்கள் ஒன்றோடு ஒன்று உரசும் சத்தம் கேட்டது. வெரசு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

நடுக்கம் நின்றது.

"மொச்சை என் வயித்தோட ஒட்டிப் படுத்திருக்கா," என்றது செதிலி. "அவ மூச்சு என் மேல சூடாப் படுது. அப்ப வெளிய அழறது யாரு?"

பந்துக்குள்ளிருந்து அதே குரல் தொடர்ந்தது.

"ரெட்டைவால், ரொம்ப நல்லாப் பேசுனே. பெத்தவளே ஆடிப்போயிட்டேன். எல்லார் குரலும் உனக்கு வருது. உன் குரல் எது?"

ரெட்டைவால் பதில் சொல்ல அலகைத் திறந்தது. பன்றியின் குரல் வந்தது. சட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது. கீரிக் குரல் வந்தது. இன்னொரு முறை முயன்றது. மயில் வந்தது.

பந்துக்குள்ளிருந்து இப்போது மெய்யான மொச்சையின் குரல் கேட்டது. "ஏம்மா, அந்த மாமாவுக்குச் சொந்தமா குரலே இல்லையா?"

"இருக்கும்டி. ஒரு நாளாவது சும்மா இருந்து பார்த்தாத்தானே தெரியும். நீ தூங்கு."

ரெட்டைவால் மேல்கிளைக்குப் பறந்து போனது. இலைகளுக்குள் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது.

"கத்துடா!" என்று வெரசு கீழேயிருந்து குதித்தது. "ஏதாவது கத்து!"

ரெட்டைவால் கத்தவில்லை.

"போங்க! எல்லாரும் போங்க! நானே தோண்டுறேன்!" என்று வெரசு குழிக்குள் பாய்ந்தது. அடி மட்டத்துக்குப் போய் இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரி மேலே வீசியது. மேலே இருந்தவர்களுக்கு அந்த மண்ணைத் தூரமாகக் கொண்டுபோய்க் கொட்டத் தெம்பில்லை. குழியின் விளிம்பிலேயே குவித்தார்கள். குவியல் வளர்ந்தது. வெயில் தலைக்கு ஏறியது. தொந்தியப்பன் அந்தக் குவியலின்மேல் நின்றபடியே கண்ணை மூடியது.

"கொர்ர்ர்ர்…"

பன்றி முன்பக்கம் சாய்ந்தது. குவியல் சரிந்தது. மணலும் பன்றியுமாகக் குழிக்குள் தடதடவென்று இறங்கின.

புழுதி அடங்கியபோது, இடுப்புவரை புதைந்த தொந்தியப்பன் முழித்துக்கொண்டு கிடந்தது. வெரசைக் காணவில்லை.

"வெரசு எங்கே?" என்று காதம்மா கத்தியது.

"எனக்கு அடியில ஏதோ நெளியுது!" என்று பன்றி அலறியது. "மண்ணுக்குள்ள இருக்கு! மண்ணுக்குள்ள!"

பன்றியை எப்படியோ இழுத்து வெளியே போட்டார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து கிளறினார்கள். ஒரு பிடி அள்ளினால் பத்துப் பிடி சரிந்தது. மேலிருந்து தோண்டினால் ஆகாது. பக்கவாட்டில் சுரங்கம் போட்டுத்தான் போக வேண்டும். அதைச் செய்ய அந்தக் காட்டில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆள் மருதமரத்தடியில் பந்தாகக் கிடந்தது.

"செதிலியக்கா!" என்று எல்லாரும் தூரத்திலிருந்து கூவினார்கள். "வெரசு புதைஞ்சிருச்சு! வா!"

பந்து அசையவில்லை. காலையிலிருந்து இதே மரத்தடியில் எத்தனை அலறல் கேட்டாயிற்று! யானை, தீ, குட்டி. இது எத்தனையாவது?

ரெட்டைவால் மேல்கிளையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தது. காலையிலிருந்து பொய்க் குரலில் கத்தியது யார்? தான்தானே! இனி யார் குரலில் சொன்னால் நம்புவாள்? பன்றிக் குரலில் சொன்னாலும் நம்ப மாட்டாள். முயல் குரலில் சொன்னாலும் நம்ப மாட்டாள்.

கீழே பறந்து வந்தது. பந்தின்மேல் உட்கார்ந்தது. அலகைத் திறந்தது. பயத்தில் எந்தக் குரலும் நினைவுக்கு வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

அப்புறம் ஒரு சத்தம் வந்தது. மெல்லிய சத்தம். கொஞ்சம் கரகரப்பு. நடுவில் உடைந்தது. அந்தக் காட்டில் யாரும் அதுவரை கேட்டிராத குரல்.

"அக்கா… நெசம்க்கா… வெரசு மண்ணுக்குள்ள இருக்கு… வாக்கா…"

பந்து ஒரே நொடியில் பிரிந்தது!

செதிலி தலையைத் தூக்கி ரெட்டைவாலைப் பார்த்தது. "இது யார் குரல்னு எனக்குத் தெரியல. அப்ப இது உன்னுதுதான்!"

ஓட்டமாய் ஓடியது. "காதம்மா, என் பிள்ளையைப் பிடி!" என்று மொச்சையை முயலிடம் கொடுத்தது. குழியின் பக்கவாட்டில் நகத்தைப் பதித்தது. மண் பறந்தது. கண்மூடித் திறப்பதற்குள் செதிலியின் வால் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எந்தப் பக்கம்னு தெரியல! ரெட்டைவால், கூப்பிடு! அவன் பதில் சொல்லட்டும்!"

ரெட்டைவால் மணலோடு அலகை ஒட்டவைத்துத் தன் உடைந்த குரலில் கூவியது. "வெரசு! வெரசு! எங்க இருக்கே?"

ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

மண்ணுக்கு அடியிலிருந்து, கொசு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"வெ…ரசா…"

"அங்க!" என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் சுரங்க வாயில் மணல் குமிழ்ந்தது. செதிலியின் வால் வந்தது. அப்புறம் முதுகு வந்தது. அப்புறம், அது கட்டிப் பிடித்து இழுத்து வந்த கீரி வந்தது. மூக்கு, காது, வாய் எல்லாம் மணல். சுற்றி நின்ற எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள். வெரசு இருமியது. துப்பியது. கண்ணைத் திறந்தது.

"குழி… எவ்வளவு ஆழம் ஆச்சு?"

"அடப் பாவி!" என்றது காதம்மா.

வெரசு எழுந்து ஓடப் பார்த்தது. முடியவில்லை. ஒரு கால் சுளுக்கிக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்து, செதிலியின் நகங்களைப் பார்த்தது. ஈர மண் அப்பியிருந்தது.

"அக்கா… நீ தோண்டிட்டியே! சும்மா நாளாச்சே! அப்ப உன் பிடிவாதம் என்னாச்சு?"

"இந்த நாளை உண்டாக்கினவன்தான் உன் மூச்சையும் உண்டாக்கினான்," என்றது செதிலி. "அது நின்னு போறதைக் கேட்டுக்கிட்டே நான் சுருண்டு கிடந்தா, அவனை விட்டுட்டு என் செதிலைக் கும்பிடுறேன்னு அர்த்தம். சரி, உசிரு வந்துருச்சில்ல? மொச்சை, வாடி."

செதிலி நகத்தைத் துடைத்துக்கொண்டது. குட்டியை வாங்கிக்கொண்டது. மருதமரத்தடிக்கு நடந்து போய், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சுருண்டுகொண்டது!

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார்கள். தொந்தியப்பன் உட்காருவதற்கு முன்பே தூங்கிவிட்டது. வெரசையும் தூக்கி வந்து நிழலில் போட்டார்கள்.

வெரசுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அக்கா, சும்மா இருக்கணும்னா என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"அதை எப்படிப் பண்றது?"

"பண்ணாத!"

"சரி. எவ்வளவு நேரம் பண்ணாம இருக்கணும்?"

"வெரசு!" என்று எல்லாரும் அதட்டினார்கள்.

வெரசு வாயை மூடிக்கொண்டது. வால் கொஞ்ச நேரம் துடித்தது. அப்புறம் அடங்கியது. மரத்தில் இலைகள் ஆடுவதைப் பார்த்தது. அவை எப்போதும் ஆடுமா என்று யோசித்தது. தன்னைக் குழியிலிருந்து எடுக்கும்போது யார் யார் அழுதார்கள் என்று நினைத்துப் பார்த்தது. எல்லாரும்தான் அழுதார்கள். தான் காலையில் விரட்டியடித்த தொந்தியப்பன்கூட.

மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. கண்ணில் மணல் இருக்க வேண்டும்.

வெயில் சாய்ந்தது. காற்று நின்றது. அப்போது குழிப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"க்ளுக்."

காதம்மாவின் காதுகள் நிமிர்ந்தன.

"ரெட்டைவால், விளையாடாத!" என்றது வெரசு.

"நான் இல்லை," என்றது ரெட்டைவால், தன் சொந்தக் குரலில்.

"க்ளுக். க்ளுக்."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். குழியின் அடியில், சரிந்த மணலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. கலங்கல் மெல்ல அடியில் படிந்துகொண்டிருந்தது. ஓரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஊறி வந்தது.

"தண்ணி! இன்னும் தோண்டு!" என்று முயல்கள் பாய்ந்தன.

"நில்லுங்க!"

கத்தியது வெரசு! சுளுக்கிய காலோடு எழுந்து, குழிக்கு முன்னால் மறித்து நின்றது. "யாரும் காலை வைக்காதீங்க! காலை வெச்சாக் கலங்கிரும். இன்னிக்கு நம்ம வேலை முடிஞ்சுது. மிச்சத்தை… மிச்சத்தை அவன் பார்த்துக்குவான்."

சொல்லிவிட்டு அதுவே ஆச்சரியப்பட்டது.

காதம்மா பந்தின் அருகே குனிந்தது. "அக்கா, நீ சுருண்டதாலதான் தண்ணி வந்துச்சா?"

"இல்ல, காதம்மா. தண்ணி எப்பவோ கிளம்பியிருக்கும். நாம காலை எடுத்ததால கண்ணுக்குத் தெரியுது. அது வராம இருந்திருந்தாலும் நான் இப்படித்தான் சுருண்டிருப்பேன்."

மறுநாள் விடிந்தது. குழியில் தண்ணீர் பளிங்கு மாதிரி நின்றது. எல்லாரும் வரிசையாக வந்தார்கள். செதிலி மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது. அதற்குப் பாலும் வற்றிவிட்டது, மொச்சை தலை தூக்கவில்லை.

வெரசு நொண்டிக்கொண்டே செதிலியிடம் போனது. "முதல் வாய் மொச்சைக்கு."

"விதி என்னாச்சு?" என்றது செதிலி.

"எந்த விதி?"

மரத்திலிருந்து அச்சு அசலாக வெரசின் குரல் முழங்கியது. "நாளைக்குத் தோண்டாதவங்களுக்குத் தண்ணி கிடையாது! பெரியவங்களுக்கும் அதான், குட்டிகளுக்கும் அதான்!"

"டேய் ரெட்டைவால்!" என்று வெரசு கல்லைத் தேடியது. காடே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மொச்சை நீளமான நாக்கை நீட்டித் தண்ணீரைத் தொட்டது. ஒரு முறை நக்கியது. கண்ணைத் திறந்தது. பிறகு அதைக் குழியிலிருந்து வெளியே இழுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அன்றிலிருந்து மணலோடைக் காட்டில் ரெட்டைவால் ஆறு நாளும் ஆறு குரலில் எல்லாரையும் எழுப்பி, ஓட ஓட விரட்டிச் சிரிக்கிறது. ஏழாம் நாள் அலகை மூடிக்கொண்டு மருதமரத்தில் அமர்கிறது. இப்போது அதற்கு அது தண்டனையாக இல்லை. பொழுது சாயும் நேரத்தில் மட்டும், யாரையும் எழுப்புவதற்காக இல்லாமல், ஒரே ஒரு முறை கரகரப்பாகக் கூவும். கீழே கால் நீட்டிப் படுத்திருக்கும் கீரி, "கொஞ்சம் மெதுவாத்தான் பாடேன், என்ன அவசரம்?" என்று சொல்லும்.

ஆறு நாள் உழைக்கத் தெரிந்தவர் ஏழாம் நாள் கையை எடுக்கவும் துணிந்தால்தான், உலகத்தைத் தாங்குவது தன் கை அல்ல என்று கண்டுகொண்டு, தாங்குகிறவன்மேல் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விட முடியும்.